முகம் வைக்கும் ஓட்டை

முதுகு வைத்தியம் பார்க்கிற அந்த மேஜையின் தலைமாட்டில் ஒரு ஓட்டை இருக்கும். குப்புறப் படுத்து முகத்தை அதற்குள் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் தரை மட்டும்தான் தெரியும். வெள்ளை டைல்ஸ், ஒரு மூலையில் விரிசல், அவ்வப்போது வந்து போகும் டாக்டர் தம்பியின் ஷூ. மூக்கு நுனியில் வேர்வை சேரும். துடைக்க முடியாது. கை இரண்டையும் பக்கத்தில் தொங்கவிடச் சொல்லியிருப்பார். முதுகில் ஒருவர் கை வைக்கப் போகிறார், எப்போது வைப்பார் என்று தெரியாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. என் புருஷன் உயிரோடு இருந்தவரை வெளிச்சத்தில் என் முதுகைப் பார்த்ததில்லை. எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது நெம்மேலி. கல்யாணமாகி வந்தபோது எங்கள் சனத்துக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. நடவு, களை, அது இல்லாத மாசங்களில் சவுக்குத் தோப்பில் விறகுக் கட்டு தூக்குவது. பிறகு கடலோரம் ரிசார்ட்டுகள் வந்தன. ஒன்றில் புல்தரை கூட்டும் வேலைக்குப் போனேன். குனிந்தே கிடந்த முதுகு, வயதான பிறகு நிமிரவில்லை. அதோடு இன்னொரு உபத்திரவம், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெளிக்குச் சரியாகப் போகாது. வயிறு கல்லு போல இருக்கும். பல வருஷமாக அப்படித்தான்.

என் மருமகள் மாமல்லபுரம் போகிற ரோட்டில் ஒரு முதுகெலும்பு டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை உட்கார வைத்து, பெயர் எழுதி, உள்ளே அனுப்புகிற வேலை. அவர் வெளிநாட்டில் படித்து வந்தவர். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, கைதான். கழுத்தையும் முதுகையும் ஒரு பக்கமாகத் திருப்பி அழுத்துவார், படக்கென்று சத்தம் வரும், முடிந்தது. என் முதுகுக்காக மருமகள்தான் கூட்டிக்கொண்டு போனாள். போன இடத்தில் என் வயிற்றுச் சங்கதியையும் அவளே சொல்லிவிட்டாள். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

சுவரில் ஒரு படம். நடுவே முதுகெலும்பு, ஒவ்வொரு எலும்பிலிருந்தும் கலர் கலராக ஒரு நூல் கிளம்பி ஓடுகிறது. ஒன்று இதயத்துக்கு, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று கிட்னிக்கு, இன்னொன்று மூத்திரப் பைக்கு.

"அம்மா, ஃபேன் ஓடலன்னா எடுத்த உடனே ஃபேனையா மாத்துவீங்க? சுவிட்சைப் பார்ப்பீங்கல்ல?" என்றார் டாக்டர் தம்பி. "உங்க வயித்துக்குப் போற கரண்ட் இந்த எலும்புல தடைபடுது. இதைச் சரி பண்ணா வயிறு தானா ஓடும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர் ஏமாற்றிப் பேசினார் என்று நான் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. அவருக்கு அந்தப் படத்தின் மேல் நம்பிக்கை இருந்தது. கையும் இதமான கை. சில வாரத்தில் என் முதுகு லேசானது. குனிந்து குடம் எடுத்தேன், நிமிர்ந்தேன். அது உண்மை. வயிறு மட்டும் இருந்தபடியே இருந்தது.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடம்பில் கை வைத்து வைத்தியம் பார்த்தவரிடம், அவர் சுளுக்கு வழிக்கிறவராக இருந்தாலும் ஊசி போடுகிற டாக்டராக இருந்தாலும், "எப்படி கீது?" என்று கேட்டால் "தேவலாம்" என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே "இல்லை" என்றால் அவருடைய கைராசி போய்விடும், அடுத்து வருகிற நோயாளிக்குப் பலிக்காது, அந்தப் பாவம் நம்மைச் சேரும் என்பது எங்கள் கணக்கு. சரியாகவில்லை என்றால் சத்தம் போடாமல் வேறு இடம் பார்ப்போம். என் அம்மா காலில் எலும்பு முறிந்ததைச் சுளுக்கு என்று நினைத்து சுளுக்கு வழிக்கிற ஒரு பெண்ணிடம் வழித்துக்கொண்டவள். அவர் வழித்து முடித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, கண்ணில் தண்ணீர் ஓட ஓட, "தேவலாங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நான் அவள் பெற்ற பெண்.

ஆகவே ஒரு நாள் டாக்டர் தம்பி வட்டமான விளக்கைப் போட்டு, மருமகள் கையில் போனைப் பிடிக்கச் சொல்லி, "இப்போ வயிறு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபோது என் வாய் யோசிக்கவில்லை.

"நல்லா கீது தம்பி."

"எல்லாம் ஃப்ரீயா போகுதா?"

"போவுது தம்பி" என்று சொல்லித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம்தான் எல்லோருக்கும் பிடித்துப் போனதாம்.

பாட்டு வைத்து, சுவர்ப் படத்தையும் காட்டி, அதை வீடியோவாகப் போட்டார்கள். மருமகள் காட்டினாள். நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என் முகத்துக்குக் கீழே பெரிய மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது: மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை, முதுகெலும்பு சீரானால் உள்ளுறுப்புகள் எல்லாம் சீராகும். நான் வயிற்றைப் பற்றி மட்டும்தான் பேசினேன். எழுத்து எல்லா உறுப்பையும் என் கணக்கில் சேர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்குத் தெருவில் நடக்க வழியில்லை. மீன் கூடையோடு வருகிறவள் தூரத்திலேயே, "இன்னா யக்கா, எல்லாம் ஃப்ரீயா போவுதாமே?" என்று கூவுவாள். ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "யம்மா, உங்களுக்கு அவசரம் இல்லியே, எல்லாம் நல்லாதான கீது" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். குழாயடிக்கே போகாமல் மகனைத் தண்ணீர் பிடிக்கச் சொன்னேன்.

வீட்டுக்குள் அதைவிட மோசம். வயிற்றுக்கு நான் கடுக்காய்ப் பொடி தின்று பழகியவள். வயிறு குணமான பொம்பளை கடுக்காய்ப் பொடி தின்பாளா? டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்து, யாரும் இல்லாத நேரத்தில் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். வீட்டில் கக்கூஸ் ஒன்று. உள்ளே போனால் சீக்கிரம் வர வேண்டும். வெளியே மருமகள் காத்திருப்பாள் என்ற பயத்திலேயே இருக்கிற கொஞ்சமும் வராது. வந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வருவேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீடியோவுக்குப் பிறகு கூட்டம் சேர்ந்து, டாக்டர் தம்பி அவளை மேனேஜர் ஆக்கியிருந்தார். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்து, "எல்லாம் உங்களாலதான் அத்த" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் என்ன சொல்ல?

இப்படி இருக்கும்போதுதான் அண்ணியின் போன் வந்தது. அண்ணி என்றால் என் புருஷனின் அக்கா. மதுராந்தகத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் சோற்றுக்கு உப்பு போதவில்லை என்றுகூட வாய் திறக்க மாட்டேன். என் தட்டில் கை விட்டு ஒரு வாய் தின்று பார்த்து, "இதுல உப்பு கீதா இன்னா? பொண்ணு எப்டி துன்னும்?" என்று மாமியாரிடம் சண்டைக்குப் போனவர் அண்ணி. அன்றிலிருந்து எனக்குச் சேர வேண்டியதை எல்லாம் அவர்தான் கேட்டு வாங்கினார். இன்றும் என்னைப் பொண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. கால் வீங்கி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்ததில் உப்பு ஏறியிருக்கிறது, இரண்டு கிட்னியும் சோர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் பண்ண வேண்டி வரும், அதற்கு முன்கூட்டியே கையில் நரம்பைச் சேர்த்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்கள். இது எனக்குத் தெரியும். போனில் வந்தது வேறு சேதி.

"இன்னாடி பொண்ணே, சினிமாக்காரி மாறி கீறியே! என் புள்ள போன்ல பாத்தேன்" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "அந்தப் படத்துல கிட்னிக்கும் ஒரு ஒயரு போவுதாமே. உனுக்கு வயிறு ஓடுச்சின்னா எனுக்கு கிட்னி ஓடாதா? மெஷின்ல கட்டிப்போட்டா நான் செத்துருவேன்டி. ஆஸ்பத்திரிக்குப் போவல. உன் வூட்டுக்கு வரேன்."

பக்கத்தில் மருமகள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வா அண்ணி" என்றேன்.

பையோடு வந்து இறங்கினார். பாதம் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. நான் காலை அமுக்கிவிட்டபோது விரல் வைத்த இடம் குழியாகவே நின்றது. மாத்திரை எங்கே என்று கேட்டேன்.

"அங்கியே வுட்டுட்டு வந்தேன். உன் டாக்டருதான் மருந்து இல்ல, மாயம் இல்லன்றாரே."

"ஆஸ்பத்திரிக்கும் ஒருவாட்டி போய்ட்டு வந்துட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏண்டி, நீ மட்டும் நல்லாவணுமா? நான் நல்லாவக் கூடாதா? பொறாமைக்காரி!" என்று என் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது.

மருமகளைச் சமையல்கட்டில் பிடித்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தபடி, "வயிறு இன்னும் அப்டியேதாம்மா கீது" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்ப போயி இதச் சொல்லாதீங்க அத்த. எத்தினி பேரு உங்களப் பாத்து வந்துகினு கீறாங்க. அவுரு யாரையும் மாத்திரைய நிறுத்துன்னு சொல்லல."

அதுவும் நிஜம்தான். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினாயா என்று யாரையும் கேட்டதும் இல்லை.

ஆபரேஷனுக்குக் குறித்த நாளுக்கு முந்தின நாள் நாங்கள் மூன்று பேரும் கிளினிக்குக் கிளம்பினோம். ஷேர் ஆட்டோவில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் எழும்பிய கட்டிடங்களை எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நாளைக்கு நீ வேறொரு இடத்தில் இருக்க வேண்டியவள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்ல நினைத்தேன். ஆட்டோ நின்றதும் அவர் இறங்கக் கை கொடுத்தேன்.

டாக்டர் தம்பி அண்ணியைச் சுவர்ப் படத்துக்கு எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"கிட்னி கொஞ்சம் வீக்காம் தம்பி" என்றார் அண்ணி. கொஞ்சம் என்று அவர் சொன்னதைக் கேட்டேன்.

"இந்த எலும்புலேர்ந்துதான் கிட்னிக்குப் போகுது. ஒரு மூணு மாசம் வாங்க, பார்ப்போம். பயப்படாதீங்க. முதல்ல அம்மாவுக்குப் பண்றேன், நீங்க பாருங்க" என்று என்னைக் கைகாட்டினார்.

ஏறிப் படுத்தேன். முகத்தை ஓட்டைக்குள் வைத்தேன். மூணு மாசம், மூணு மாசம் என்று காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணிக்கு அத்தனை நாள் இல்லை என்று அவர் காலில் விழுந்த குழி எனக்குச் சொல்லியிருந்தது. முதுகில் கை வந்தது. படக், படக். விளக்கு போட்டார்கள், தரை இன்னும் வெள்ளையாக மின்னியது. மருமகள் போனைப் பிடித்து நின்றாள், அவள் செருப்பு எனக்கு இடது பக்கம் தெரிந்தது. வலது பக்கம் டாக்டர் தம்பியின் ஷூ. நேர் எதிரே, ஸ்டூலுக்குக் கீழே, அண்ணியின் வீங்கிய பாதம் இரண்டும்.

"இப்ப உங்க அண்ணிக்கு நீங்களே சொல்லுங்கம்மா. வயிறு எப்படி இருக்கு?"

தேவலாம் என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்தது. முகம் ஏதும் தெரிந்திருந்தால் அது வெளியே விழுந்திருக்கும். தெரிந்தது கால்கள்தான். செருப்பு வார் பதிந்து சிவந்த அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஆவல."

"என்னம்மா?"

"வயிறு சரியாவல தம்பி. முன்ன எப்டி இருந்துச்சோ அப்டியே கீது. முதுகு நல்லா கீது, அது உன் கை புண்ணியம். வயிறு இல்ல. நான் கடுக்காப்பொடி துன்னுகினு கீறேன். அரிசி டிரம்முக்குப் பின்னாடி டப்பால கீது." நிறுத்தினால் மறுபடி வராது என்று பயமாக இருந்தது. "அண்ணி, உன் கிட்னிக்கு இந்த மேஜைல ஒண்ணுமில்ல. நாளிக்கு ஆஸ்பத்திரிக்குப் போ. மாத்திரைய துன்னு. என்ன நம்பி வராத."

ஷூ ஓரடி பின்னால் போனது. மருமகளின் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. விளக்கு அணைந்தது. அண்ணியின் பாதங்கள் அசையவே இல்லை. நான் முகத்தை எடுக்கவில்லை. அந்த ஓட்டைக்குள்ளேயே இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"எழுந்திருடி" என்றார் அண்ணி கடைசியில். எழுந்து உட்கார்ந்தேன். அவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. "ஏண்டி, வெளிக்குப் போறதுல கூடவாடி பொய் சொல்லுவ?"

டாக்டர் தம்பி போனை வாங்கி மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேனே" என்றார். கோபம் இல்லை, அடிபட்டது போல இருந்தது அவர் குரல். கேட்டார்தான். கைராசியைப் பற்றி அவரிடம் நான் எங்கிருந்து ஆரம்பிக்க? தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பிறகு அவர் அண்ணியைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க, முழுசா சொல்லுங்க" என்றார். ஆபரேஷன், நாளை என்றதும் அவர் முகம் மாறியது. "முதல்ல அங்க போங்க. நாளைக்கே போங்க."

இதை முதல் வார்த்தையாகச் சொல்லியிருக்கலாமே என்று நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலை திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற பஸ்ஸில் ஏறினோம். பக்கத்தில் இடம் இருந்தும் அண்ணி தனியாக முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். வழி முழுக்க அவர் கொண்டையைப் பார்த்துக்கொண்டே போனேன். மெஷினை நினைத்துத்தான் அவர் தோள் நடுங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. எட்டித் தொடலாம் போல இருந்தது, தொடவில்லை. அவர் நம்பி வந்த ஒரே கதவையும் சாத்தியவள் நான்தானே. ஆஸ்பத்திரியில் மாத்திரையை விட்டதற்குத் திட்டினார்கள். அவர் மகனும் வந்து சேர்ந்தார். ஆபரேஷன் நடந்தது.

சில நாள் கழித்து கட்டு பார்க்கப் போனபோது நான்தான் துணைக்குப் போனேன். இன்னும் என்னோடு சரியாகப் பேச்சு இல்லை. டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்டார்.

"தேவலாம்மா" என்றார் அண்ணி பட்டென்று.

நான் டாக்டரம்மாவின் செருப்பைப் பார்த்தேன். "இல்லம்மா. ராத்திரி பூரா வலின்னாங்க. வெரலு மரத்துப் போவுதாம்."

டாக்டரம்மா விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து ஏதோ எழுதினார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தினி வருஷமா மூடிக்கினு இருந்த வாய இப்ப எவடி தொறந்து வுட்டது?" என்றார். வெளியே வந்ததும் என் கையை இழுத்துத் தன் மணிக்கட்டுக்கு மேல் வைத்தார். தோலுக்கு அடியில் டப்பாவில் அடைத்த வண்டு போல உர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. "ரத்தம் இப்டி ஓடுனாதான் நல்லதாம். தெனம் தொட்டுப் பாக்கச் சொன்னாங்க. எனுக்கு பயமா கீது, நீ பாரு." அந்தக் கையோடுதான் அவர் இனி மெஷினுக்கு முன்னால் உட்கார வேண்டும். எத்தனை காலம் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

மருமகள் இன்னும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறாள். கழுத்தில் அட்டை இல்லை. என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். ஆனால் ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், கடுக்காய்ப் பொடி டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால் இல்லை. சமையல் மேடையில், டீத்தூள் டப்பா பக்கத்தில் இருந்தது. உள்ளே ஒரு ஸ்பூனும் போட்டிருந்தாள்.

டாக்டர் தம்பி வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அது யார் யார் போனுக்கோ போய்விட்டது. அதற்குள் இருக்கிறவள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, நல்லா கீது தம்பி, நல்லா கீது தம்பி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா, கையில் ஸ்கேன் கவர், என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "நீங்கதான அந்த முதுகு டாக்டர் வீடியோல வந்தவங்க?"

நான் அவர் காலைப் பார்த்தேன். தூசி படிந்த கால், கட்டைவிரலில் கட்டு.

"ஆமாம்மா. எனுக்கு வயிறு சரியாவலம்மா. நீங்க ஆஸ்பத்திரில காட்டுங்க."

"அப்போ வீடியோல நல்லா கீதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேம்மா."

அவர் நகரவில்லை. இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தார். பஸ்ஸும் வரவில்லை.